சிவப்புக் கட்டமும் பச்சைக் கட்டமும்: கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும்,

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வந்த சூட்டோடு தேர்ச்சி ஆய்வுக் கூட்டங்கள் தொடங்கிவிடும். திரையில் ஒரு எக்செல் பட்டியல் ஓடும். பள்ளியின் பெயர், தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், இந்த ஆண்டின் சதவீதம், சென்ற ஆண்டின் சதவீதம், கடைசிக் கட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஏறியிருந்தால் பச்சை, இறங்கியிருந்தால் சிவப்பு. சிவப்புக்கு உரிய தலைமையாசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அது சாக்காகத்தான் காதில் விழும். பிறகு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகும். விஷயம் முற்றினால் விதி 17(அ)இன் கீழ் ஒழுங்கு நடவடிக்கை. நூறு சதவீதம் காட்டியவர்களுக்குப் பொன்னாடையும் கேடயமும். பிள்ளைகள் தேறிவர வேண்டும் என்கிற உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வியெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே ஒரு பள்ளியின் சதவீதம் ஏறுவதிலும் இறங்குவதிலும் பெரும்பகுதி யாருடைய உழைப்புக்கும் அலட்சியத்துக்கும் சாட்சி சொல்வதில்லை. அதை வைத்துப் பாராட்டியும் கண்டித்தும் வருகிற நிர்வாகம், கண்டிப்புதான் வேலை செய்கிறது என்ற தவறான பாடத்தை ஆண்டுதோறும் தனக்குத்தானே நடத்திக்கொள்கிறது. இதை எண்களை வைத்தே காட்ட முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் 100 சிறிய உயர்நிலைப் பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்தாம் வகுப்பில் 20 பேர். எல்லாப் பள்ளிகளிலும் ஒரே தரமான ஆசிரியர்கள், ஒரே உழைப்பு, ஒரே மாதிரிப் பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 90 சதவீதம். பள்ளிக்குப் பள்ளி எள்ளளவும் வித்தியாசம் இல்லை என்பதை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியிருந்தும் முடிவு வரும் நாளில் என்ன நடக்கும்? 0.9ஐ இருபது முறை பெருக்கினால் 0.12 வரும். அதாவது 12 பள்ளிகள் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும். இன்னொரு முனையில் நான்கு பேரோ அதற்கு மேலோ தவறி, 80 சதவீதத்திலோ அதற்குக் கீழேயோ நிற்கும் பள்ளிகள் சுமார் 13. மேடையில் பன்னிரண்டு பேருக்குக் கேடயம், கூட்டத்தில் பதின்மூன்று பேருக்குக் குறிப்பாணை. இரு தரப்புக்கும் இடையே நாம் வைத்த வித்தியாசம் சுழி.

அடுத்த ஆண்டுக்கு வாருங்கள். எதுவும் மாறவில்லை, வாய்ப்பு அதே 90தான். கேடயம் வாங்கிய பள்ளி மறுபடி நூறு காட்டும் வாய்ப்பு 12 சதவீதம். ஆக, இறங்கும் வாய்ப்பு 88. குறிப்பாணை வாங்கிய பள்ளி 80ஐத் தாண்டி மேலே வரும் வாய்ப்பு 87. பாராட்டப்பட்ட பன்னிரண்டில் பத்துப் பதினோரு பள்ளிகள் சரியும். கண்டிக்கப்பட்ட பதின்மூன்றில் பதினோரு பள்ளிகள் ஏறும். அலுவலர் இடத்தில் யார் இருந்தாலும் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடுகிறது, நாலு வார்த்தை சூடாகச் சொன்னால்தான் வழிக்கு வருகிறார்கள் என்றுதான். அவர் கண்ணால் பார்த்த சான்று அது. பத்தாண்டு அனுபவம் என்றால் பத்து முறை பார்த்த சான்று. ஆனால் அவர் திட்டியதற்கும் அந்த ஏற்றத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கூட்டமே நடத்தாமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தப் பதினோரு பள்ளிகள் ஏறியிருக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் எண்களில் பிடித்தவர் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் அளந்து 1886ல் அவர் வெளியிட்ட கட்டுரை, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குள்ளமாகவும், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் பெற்றோரைவிட உயரமாகவும் இருப்பதைக் காட்டியது. சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதைச் சொல்வார்கள். இதனால் நிர்வாகத்துக்கு வரும் கேட்டைக் கண்டுகொண்டவர் உளவியலாளர் டேனியல் கானமன். 1960களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு அவர் வகுப்பு எடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டு நன்றாகக் கற்பிக்கும் என்று சொன்னபோது மூத்த பயிற்றுநர் ஒருவர் மறுத்தார்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான். கானமன் தரையில் ஒரு குறி வரைந்து, அவர்களை முதுகு காட்டி நிற்கவைத்து, ஆளுக்கு இரண்டு நாணயங்களைப் பின்பக்கமாக எறியச் சொன்னார். முதல் முறை குறிக்கு அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகினார்கள். விலகி எறிந்தவர்கள் நெருங்கினார்கள். யாரும் யாரையும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. நன்றாகச் செய்த பிறகு பாராட்டுகிறோம், மோசமாகச் செய்த பிறகு கண்டிக்கிறோம். அதனால் பாராட்டியதற்குத் தண்டனையும் கண்டித்ததற்குப் பரிசும் கிடைப்பதாகவே வாழ்க்கை நமக்குக் காட்டும் என்பது அவர் எடுத்த முடிவு. பிரம்பில்லாமல் வகுப்பு அடங்காது என்று ஆசிரியர்கள் நம்புவதற்கும் இந்த மாயைதான் பாதிக் காரணம். (குழந்தைகளை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடை செய்வது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆசிரியர்கள் மேல் பாய்வதும் 17தான், வேறு விதிப் புத்தகத்தில்.)

பிள்ளைகள் என்ன, சுண்டிப் போடும் நாணயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பள்ளியின் நீண்டகால அளவு 90ஆக இருப்பதா 70ஆக இருப்பதா என்பதை ஆசிரியர்களின் உழைப்பும், பிள்ளைகளின் வீட்டுச் சூழலும், எட்டாம் வகுப்புவரை அவர்கள் என்ன கற்றார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. அந்த 90ஐச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு வரும் ஆட்டம் வேறு விஷயம். ஒரு பிள்ளைக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் காய்ச்சல். ஒரு வீட்டில் சாவு. படித்த ஐந்து மதிப்பெண் வினா வந்தது, வராமல் போனது. 35 வாங்க வேண்டிய இடத்தில் 34. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் ஐந்து சதவீதம் போய்விடுகிறது. என் கணக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் கணக்குத் தாள் கடினமாக வந்தால் பலவீனமான பிள்ளைகள் மொத்தமாகத் தவறுகிறார்கள், நடுவாண்டில் ஆங்கில ஆசிரியர் மாறுதலாகிப் போனால் வகுப்பே அடிபடுகிறது. இவையெல்லாம் ஆட்டத்தைக் கூட்டும், குறைக்காது. நாணயக் கணக்கு உங்கள் பட்டியலுக்குச் சலுகை காட்டும் கணக்கு.

பள்ளியின் அளவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலின் பெரிய அநியாயம் அதில்தான் இருக்கிறது. அதே 90 சதவீத வாய்ப்புள்ள பிள்ளைகள் 200 பேர் எழுதும் பெரிய பள்ளியில் தேர்ச்சி பெரும்பாலும் 86க்கும் 94க்கும் இடையிலேயே நிற்கும். அங்கே 80 என்பது நடைமுறையில் நடக்காது; நூறும் நடக்காது. ஆக, பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே குவிந்திருக்கும், தரம் என்னவாக இருந்தாலும். ஹோவர்ட் வெய்னர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் பென்சில்வேனியாவின் 1662 பள்ளிகளை எடுத்துப் பார்த்தார். மிகச் சிறிய 50 பள்ளிகளில் ஆறு, மதிப்பெண்ணில் முதல் 50க்குள் வந்திருந்தன. தற்செயலாக வந்தால் ஒன்றோ இரண்டோதான் வந்திருக்க வேண்டும். ஆகா, சிறிய பள்ளிதான் சிறந்தது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் அடிப்பக்கத்தையும் பார்த்தார்: கடைசி 50ல் அதே சிறிய பள்ளிகள் ஒன்பது. உச்சியை மட்டும் பார்த்தவர்கள் அமெரிக்காவில் நிறைய. பில் கேட்ஸின் அறக்கட்டளை சிறிய பள்ளிகளை உருவாக்கப் பெருந்தொகை கொட்டியது. அவற்றில் பல பள்ளிகள் மாணவர்களின் கற்றலைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை என்று 2009ல் தன் ஆண்டு மடலில் கேட்ஸே எழுதினார். உலகின் பெரும் பணக்காரருக்கே இந்தச் சறுக்கல் என்றால், மே மாத வெயிலில் முந்நூறு பள்ளிகளின் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அலுவலருக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் சறுக்கலின் விலையைக் கொடுப்பவர் மலையோரத்துச் சின்னப் பள்ளியின் தலைமையாசிரியர்.

இதற்கெல்லாம் அமெரிக்காவையே பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. பிறந்தது அங்கேதான் என்றாலும், நம் தொழிற்சாலைகளுக்கும் இது பழைய பாடம். 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் தன் மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்று அனுப்பினார். அதில் ஒரு வரைபடம். உற்பத்தியில் வரும் பிழை நாளுக்கு நாள் ஏறி இறங்கத்தான் செய்யும், அதற்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு, அந்த எல்லைக்குள் நடக்கும் ஆட்டத்துக்குத் தனிக் காரணம் தேடாதே, எல்லையைத் தாண்டினால் உடனே போய்ப் பார் என்பது அதன் சாரம். அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் இதைக் கற்பித்தார். அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை, சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. 2002ல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. உங்கள் மாணவர்கள் ஐடிஐ முடித்துப் போய்ச் சேரும் ஆலைகளில் இந்த வரைபடம் எந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

டெமிங் தம் வகுப்புகளில் நடத்திக் காட்டிய ஒரு நாடகம் உண்டு. ஒரு பெட்டியில் 4000 மணிகள்; அவற்றில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு அள்ள வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. பார்வையாளர்களில் சிலரைத் தொழிலாளர்களாக மேடைக்கு அழைப்பார், டெமிங்தான் மேஸ்திரி. ஒருவருக்கு ஆறு சிவப்பு வந்தால் கைகுலுக்குவார். இன்னொருவருக்குப் பதினான்கு வந்தால் எல்லோர் முன்னிலும் கடிந்துகொள்வார், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார். மறுசுற்றில் பாராட்டு வாங்கியவருக்குப் பன்னிரண்டு வரும். போன தடவை பெயர் கிடைத்ததும் கவனம் போய்விட்டதா என்பார். சுவரில் வாசகங்கள் ஒட்டுவார். கடைசியில் மோசமானவர்களை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு, சிறந்தவர்களை மட்டும் வைத்துத் தொழிலை ஓட்டுவார். அவர்களும் சராசரியாகப் பத்துச் சிவப்பைத்தான் அள்ளுவார்கள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு கலந்த பெட்டியைக் கொடுத்தது நிர்வாகம். சிரித்துக்கொண்டே பார்த்த மேலாளர்களுக்கு, தாங்கள் ஊருக்குத் திரும்பியதும் செய்யப்போவதும் இதுதான் என்று உறைப்பதற்காகவே அவர் இதை நடத்தினார். ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்பவர் தட்டைப் பிடித்தவர். பெட்டியில் சிவப்பைக் குறைப்பது வேறு வேலை: காலியாகக் கிடக்கும் கணித ஆசிரியர் பணியிடம், ஆறாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் வரும் பிள்ளை, பேருந்து வராத ஊர்.

அனுபவமுள்ள அலுவலர்கள் இன்னொன்று சொல்வார்கள். புள்ளியியல் என்னவோ சொல்லட்டும், பயம் இல்லாவிட்டால் யாரும் மாலை வகுப்பு நடத்த மாட்டார்கள். அழுத்தம் கொடுத்ததால்தான் மாவட்டத்தின் சதவீதம் இவ்வளவு உயர்ந்திருக்கிறது. அழுத்தம் எண்ணை உயர்த்தும் என்பதை நான் ஏற்கிறேன். எண்ணை உயர்த்தப் பாடம் நடத்துவது ஒன்றுதான் வழி என்பதை ஏற்க மாட்டேன். சதவீதம் என்பது பின்னம். மேலே உள்ளதைக் கூட்டுவது கடினம், கீழே உள்ளதைக் குறைப்பது சுலபம். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டு, வேறு பள்ளி பாருங்கள் என்று டி.சி. கொடுப்பது, தேறமாட்டான் என்று தோன்றும் பையனைத் தனித்தேர்வராக எழுதச் சொல்வது, வராத பிள்ளையைத் தேடிப் போகாமல் இருப்பது. இவற்றில் எதையும் நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லவில்லை. ஒரு குறியீட்டின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு அந்தக் குறியீடு கெடும், அது அளக்க வந்த பொருளையும் கெடுக்கும் என்று சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களிலேயே எழுதிவிட்டார். அதன் எல்லை எது என்பதை அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகள் காட்டின. தேர்வு இலக்கை எட்டாத தலைமையாசிரியர்களுக்கு வேலையே போகும் என்ற நிலையில், ஆசிரியர்களே விடைத்தாள்களை அழித்துத் திருத்தினார்கள். 2011ல் வந்த ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44ல் முறைகேட்டைக் கண்டது. 178 ஆசிரியர்கள், முதல்வர்களின் பெயர் அதில் இருந்தது. அவர்களெல்லாம் பிறவி மோசடிக்காரர்கள் என்று யாராவது நம்புவார்களா?

அழுத்தம் நேர்மையாக வேலை செய்யும் இடத்திலும் அது எங்கே பாய்கிறது என்று பாருங்கள். தேர்ச்சிக் கோடு 35ல் இருப்பதால், 25க்கும் 40க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள்தான் பள்ளியின் சொத்து. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு, விடியற்காலை வகுப்பு. 60 வாங்குகிறவனை 80க்குக் கொண்டுபோனால் உங்கள் பட்டியலில் ஒரு கட்டமும் நிறம் மாறாது. 8 வாங்குகிறவளை 20க்குக் கொண்டுபோன ஆசிரியை செய்தது பெரிய காரியம், பட்டியலில் அவர் தோற்றவர்.

அப்படியானால் ஆய்வே கூடாதா, யாரையும் கேள்வி கேட்கக் கூடாதா என்றால், கேட்கத்தான் வேண்டும். இப்போது கேட்பதைவிடக் கூர்மையாகவே கேட்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓராண்டு வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பத்தாண்டுத் தேர்ச்சியை ஒரே கோட்டில் வரையுங்கள். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஷூஹார்ட்டின் எல்லைகளைப் போடுங்கள்; எக்செல்லே போட்டுத் தரும். 20 பேர் எழுதும் 90 சதவீதப் பள்ளிக்கு அந்த எல்லை 70 முதல் 100 வரை விரியும், 200 பேர் பள்ளிக்கு 84 முதல் 96 வரை சுருங்கும். இப்படிப் பார்த்தால் சின்னப் பள்ளியின் 80 பேசாமல் கடந்துபோக வேண்டியது, பெரிய பள்ளியின் 82 உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டியது என்பது தெரியும். இன்றைய பட்டியலில் பெரிய பள்ளி அந்த 82க்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொள்கிறது, ஏனென்றால் அதற்குக் கீழே 75ம் 80ம் காட்டி நிற்கும் சின்னப் பள்ளிகள் பல. ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து தன் நடுக்கோட்டுக்குக் கீழேயே இருக்கும் பள்ளியும் அப்போதுதான் கண்ணில் படும். ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என்று நழுவுகிறவரை யாரும் எழுப்பி நிறுத்துவதில்லை. கூடவே ஒரு கட்டம் சேருங்கள்: இரண்டாண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்? எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கும்போது இது கடினமில்லை. அந்த ஒரு கட்டம், நூறு சதவீதம் காட்டிய சில பள்ளிகளின் சாயத்தை வெளுக்கச் செய்யும்.

மெல்லக் கற்போர் சிறப்பு வகுப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காலாண்டுத் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறோம், அரையாண்டில் அவர்கள் ஏறுகிறார்கள், திட்டம் வெற்றி என்று அறிக்கை போகிறது. அடியில் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி சற்று ஏறும் என்பதை இதுவரை சொன்னதே விளக்கும். எவ்வளவு ஏற்றம் தானாக வந்தது, எவ்வளவு நாம் கொடுத்தது என்று பிரிக்க ஒப்பீடு வேண்டும். அது நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டதாகக் கண்டது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் வெற்றி என்று மொத்தத்தையும் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த மீட்சியில் 24 சதவீதத்தைத்தான் அவர்கள் அத்திட்டத்தின் கணக்கில் வைத்தார்கள். 24 குறைவென்று யாரும் எண்ண வேண்டாம். தன்னார்வலர்களைக் கொண்டு குறைந்த செலவில் நடந்த ஒரு திட்டத்துக்கு அது பெரிய சாதனை, அதுவும் கேள்வி கேட்டால் தாங்கி நிற்கும் சாதனை. உங்கள் மாவட்டத்தில் இதைச் செய்யப் பேராசிரியர்கள் வர வேண்டியதில்லை. 34 எடுத்துச் சிறப்பு வகுப்புக்குப் போனவர்களையும், 36 எடுத்ததால் போகாதவர்களையும் அரையாண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பீர்கள். ஆட்சியர் சதவீதம் கேட்கிறார், சென்னையிலிருந்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தி அனுப்புகிறார்கள், மறுநாள் நாளிதழில் வந்துவிடுகிறது. நாங்கள் திட்டு வாங்கித்தானே திட்டுகிறோம் என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் எண்களைக் கையாளும் பழக்கம் மாறவே மாறாது என்பதற்கில்லை. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பிள்ளைகளின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை 2017ல் அரசு ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. வானம் இடிந்து விழவில்லை. உங்கள் கூட்ட அறையின் திரையில் எதைக் காட்டுவது என்பதற்கு அரசாணை வேண்டியதும் இல்லை. வரும் ஆண்டு முடிவுகள் வந்ததும், அந்த வித்தியாசக் கட்டத்தை அழித்துவிட்டுப் பத்தாண்டுக் கோட்டைக் காட்டுங்கள். எல்லைக்குள் இருப்பவர்கள் உட்கார்ந்திருக்கட்டும். எல்லைக்கு வெளியே போன ஐந்தாறு பள்ளிகளுக்கு, குறிப்பாணையை அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை போய்விட்டு வாருங்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எந்த மாதத்திலிருந்து காலி என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களைக் கூர்ந்து படிக்கும் ஒரு வாசகர்